மாற்றிச் சொன்ன எண்

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் ஆணையர் எரிகா மெக்என்டார்ஃபரை டிரம்ப் வேலையை விட்டுத் தூக்கினார். அன்று காலைதான் ஜூலை மாத வேலைவாய்ப்புக் கணக்கு வெளியாகியிருந்தது. புதிதாகக் கூடிய வேலைகள் வெறும் 73,000. அதோடு மே, ஜூன் மாதங்களுக்கு முன்பு சொன்னதில் 2,58,000-ஐக் கழித்துவிட்டார்கள். கணக்கில் தில்லுமுல்லு என்றார் டிரம்ப். ஆதாரம் எதையும் காட்டவில்லை.

எங்கள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார், "மாத்தி மாத்திச் சொன்னா எவன் நம்புவான், டீச்சர்?" என்றார். கணக்கு சாரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எனக்கு வீரவநல்லூரில் ட்யூட்டி. பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினோம். மார்ச் 1 முதல் 5 வரை அதே தெருக்களில் இன்னொரு சுற்று. இடையில் குழந்தை பிறந்திருந்தால் சேர்க்க வேண்டும், யாரும் தவறியிருந்தால் பெயரை அடிக்க வேண்டும். திருத்தாமல் விட்டால்தான் அது தப்புக் கணக்கு.

ஒரு வீட்டில் ஓர் அக்கா மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தார். "என்ன வேலை பாக்கீய?" என்றேன். "நான் என்ன வேலை பாக்கேன், வீட்லதான் சும்மா இருக்கேன்." சொல்லும்போதே கை தூளை வைத்து, பீடி இலையைச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கிவிட்டது. கேட்டதை அப்படியே எழுதியிருந்தால் அவர் வேலை செய்யாதவர். இன்னும் கொஞ்சம் விசாரித்ததில், வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்கிறவர் என்ற கட்டத்துக்குப் போனார். முதல் பதில் பொய்யில்லை, முழுசாக இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் பல நிறுவனங்கள் ஆள் கணக்கைத் தாமதமாகத்தான் அனுப்புகின்றன. கையில் இருப்பதை வைத்து முதல் எண்ணைச் சொல்லிவிட்டு, மீதி வரவர அடுத்த இரண்டு மாதங்களில் திருத்துகிறார்கள். ஆணையர் அதில் கை வைக்க வழியில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் எண் அவர் கண்ணில் படும். டிரம்ப் முதல் ஆட்சியில் ஆணையராக நியமித்த வில்லியம் பீச் என்பவரே இதைச் சொல்லி, பதவிநீக்கத்தைக் கண்டித்தார்.

அப்புறம் ஆணையர் எதற்கு? ஊர் முன்னால் வந்து நிற்கத்தான். கனடாவில் முனீர் ஷேக் நின்றார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் விரிவான கேள்விகள் கொண்ட கட்டாய நீள்படிவத்தை நிறுத்திவிட்டு, விருப்பமுள்ளவர் நிரப்பினால் போதும் என்று அரசு முடிவெடுத்தது. விருப்பப் படிவம் கட்டாயப் படிவத்துக்கு ஈடாகாது என்று வெளிப்படையாக எழுதிவிட்டு, தலைமைப் புள்ளியியலாளர் பதவியை 2010 ஜூலையில் உதறினார். கட்டாயப் படிவம் 2016-ல் திரும்பி வந்தது.

நம் நாட்டில் இது இன்னும் சிக்கல். தலைமைப் புள்ளியியலாளரேதான் புள்ளியியல் அமைச்சகத்தின் செயலரும்; அமைச்சருக்குக் கீழே இருப்பவர் எங்கே போய்த் தனியாக நிற்பது? அதற்காகவே இருக்கிற தேசியப் புள்ளியியல் ஆணையமும் 2005-ல் அரசுத் தீர்மானத்தால் அமைந்தது, சட்டத்தால் அல்ல. ஆணையம் ஒப்புதல் கொடுத்த பிறகும் 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கு வெளிவரவில்லை என்று 2019 ஜனவரியில் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ஆணையத்திலிருந்து விலகினார்கள். வேலையின்மை 6.1 சதவீதம் என்ற அந்தக் கணக்கு அதிகாரபூர்வமாக வந்தது மே 31-ல், புதிய அரசு பதவியேற்ற மறுநாள். அப்படி ஒரு அறிக்கை உள்ளேயே கிடக்கிறது என்பது எனக்குத் தெரிந்ததே அவர்கள் விலகிய செய்தியைப் படித்துத்தான்.