ஒண்ணுமே இல்லாத வெனிலா

மாமாவை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டி வந்தது யார் என்ற விசாரணை வீட்டில் இன்னும் முடியவில்லை.

ஆளாளுக்கு, சொல்லி முடிப்பதற்குள் உருகிவிடும் நீளத்தில் ஏதேதோ பெயர் சொன்னார்கள். அத்தை வெனிலா என்றார். "ஐயோ பாட்டி, அதுல ஒண்ணுமே இல்ல, சும்மா வெள்ளை ஐஸ்!" என்றாள் சின்னவள். அவ்வளவுதான், மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்து என்ன வரும் என்று எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

2000களின் தொடக்கத்தில் விலை ஏறியபோது கேரளா, கர்நாடகா என்று அடித்த வெனிலாக் காய்ச்சல் பொள்ளாச்சிப் பக்கமும் வந்தது. அத்தையின் வளையல் போய், தோப்பில் வெனிலாக் கொடி ஏறியது. பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும்; அதற்குள் மகரந்தம் சேர்ந்தால்தான் காய். மெக்சிகோவில் அதற்கென்று தேனீ உண்டாம். ஆனைமலையில் மாமாதான் தேனீ. பூவுக்குள் இருக்கும் சவ்வைக் குச்சியால் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். 1841இல் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைப் பையன் கண்டுபிடித்த வித்தை அது. என் கல்யாணத்துக்குத் தாய்மாமன், தாலி கட்டி முடிந்த பிறகுதான், சட்டைப் பையில் பல்குச்சியோடு வந்து சேர்ந்தார். அந்த அல்பியஸ் பையன் கடைசிவரை ஏழையாகவே செத்தான் என்று சொல்லும்போது மட்டும் மாமாவுக்குத் தொண்டை அடைக்கும்.

காய் முற்ற ஒன்பது மாசம். பறித்த பச்சைக்காயில் வாசனையே கிடையாது. வெந்நீரில் முக்கி, வெயில் காட்டி, போர்த்தி வேர்க்க வைத்து மாசக்கணக்கில் பாடுபட்டால்தான் மணம் வரும். மாமாவுக்கு மணம் வந்தபோது விலை விழுந்திருந்தது.

போதாததற்கு, வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் என்ற பொருளைப் பைன் மரச் சாற்றிலிருந்து செய்ய 1874லேயே ஜெர்மனியில் வழி கண்டுவிட்டார்கள். இப்போது பெட்ரோலிய வகையறாவிலிருந்தே வருகிறது. பிஸ்கட், கேக், ஏன், சாக்லேட்டில்கூட அதைத்தான் விடுகிறார்கள். குங்குமப்பூவுக்கு அடுத்த விலையுள்ள சரக்கின் பெயரை வைத்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் குலாப்ஜாமூனுக்குத் துணைக்கு உட்கார்ந்திருக்கிறது. எல்லாவற்றிலும் இருப்பதால் எதிலும் தெரிவதில்லை. சின்னவளை மட்டும் குறை சொல்லி என்ன?

மாமா கல்லாப் பையனைக் கூப்பிட்டார். "தம்பி, இதுல நெசமான காய் போட்டிருக்குதா?"

"காய் போட்டது நம்மகிட்ட இல்லீங்க. பழம் போட்டது இருக்குதுங்க."

அத்தை கப்பைச் சுரண்டி முடித்திருந்தார். "இன்னொண்ணு சொல்லுங்க, என் வளையலுக்கு இதாச்சும் வரட்டும்."