ஸ்பேஸ்பாரில் கட்டைவிரலை வைத்து விஜயநகரம் ஆண்டது

யூரோபா யுனிவர்சாலிஸ் 4 என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு வெளிவந்தது 2013இல். அதை ரசிக்க எனக்குத் தெரிந்தது போன வருடம்தான். நடுவில் எத்தனையோ முறை இறக்கி, வரைபடத்தை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, தலை வலித்து, ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்து அழித்திருக்கிறேன்.

கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: உலக வரைபடம் முழுவதும் உங்கள் முன்னால் விரியும். தேதி 1444 நவம்பர் 11, அதாவது வர்ணா போரில் ஒட்டோமான்கள் ஜெயித்ததற்கு மறுநாள். ஏதாவது ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு 1821 வரை ஓட்டலாம். லெவல் கிடையாது, கடைசியில் வரும் பெரிய வில்லன் கிடையாது, என்ன செய்தால் ஜெயித்ததாக அர்த்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேலே ஒரு வரிசையில் கஜானா, ஆள்பலம், ஸ்டெபிலிட்டி (நாட்டின் நிலைத்தன்மை), பிரெஸ்டீஜ் (மதிப்பு) என்று எண்கள் ஓடும். எந்த எண்ணின்மேல் மவுசை வைத்தாலும் ஒரு பெட்டி திறந்து அந்த எண்ணுக்குக் காரணமான இன்னும் பத்து எண்களைக் காட்டும். திருப்பூரில் பகலெல்லாம் பையருக்கு காஸ்டிங் ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரி வந்து இன்னொரு காஸ்டிங் ஷீட்டைத் திறக்கிற மாதிரி இருந்தது என்றால் பொய்யில்லை.

யூடியூபில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: ஒட்டோமானை எடு, போர்ச்சுகலை எடு, காஸ்டிலை எடு. எளிதான நாடுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டோமானைச் சுற்றி இருக்கிற கரமான் யார், துல்காதிர் யார், அவர்களை நான் ஏன் அடிக்க வேண்டும்? ஒரு ஈடுபாடும் வரவில்லை. விஜயநகரத்தை எடுத்த பிறகுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். 1444இல் அங்கே இரண்டாம் தேவராயர். கொங்கு நாடு அவருடைய ஆட்சிக்குள். வடக்கே பாமினி சுல்தான்கள், நடுவில் ரெய்ச்சூர். பள்ளிக்கூடத்தில் துங்கபத்திரைக்கும் கிருஷ்ணாவுக்கும் இடைப்பட்ட நிலத்துக்காகச் சண்டை போட்டார்கள் என்று மனப்பாடம் செய்த வரி, இப்போது எத்தனை வரி வரும் எத்தனை படை நிற்கும் என்ற கணக்கோடு கண் முன்னால் கிடந்தது. யாராவது புதிதாக ஆரம்பிக்கிறேன் என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: எளிதான நாட்டை விட்டுவிடுங்கள், உங்களுக்கு ஏற்கனவே கொஞ்சம் கதை தெரிந்த நாட்டை எடுங்கள். தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்றாவது தெரியும்.

அடுத்து, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. கோயமுத்தூரில் ஐடியில் இருக்கிற என் மாமன் மகன்தான் இதைச் சொல்லிக் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து நான் எல்லாப் பட்டன்களையும் அமுக்குவதைப் பொறுக்க முடியாமல், “மச்சான், மொதல்ல மவுஸ்ல இருந்து கையை எடுங்க. ஒரு பத்து வருசம் சும்மா ஓட உடுங்க. எது கத்துதோ அதை மட்டும் பாருங்க” என்றான். விளையாட்டில் ஐந்து வேகங்கள் உண்டு, ஸ்பேஸ்பாரைத் தட்டினால் காலம் அப்படியே நிற்கும். ஓட விட்டு, ஏதாவது நடந்தால் நிறுத்தி, நடந்ததை மட்டும் படித்தால் போதும். மதம் சம்பந்தப்பட்ட பக்கத்தை நான் முதல் ஐம்பது வருடங்கள் திறக்கவே இல்லை. ராஜ்யம் ஒன்றும் கவிழவில்லை. வணிகர்களை எங்கேயோ நிறுத்திவிட்டு மறந்துபோனேன், அவர்கள்பாட்டுக்கு இருந்தார்கள். வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்தால் மட்டும் ஸ்டெபிலிட்டி ஒன்று குறைந்துவிடும், அதற்கு நீங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. எங்கள் அமுச்சியிடம் கேட்டால் அது நியாயம்தான் என்பார்.

ராஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அடிப்படை மூன்று வகைப் புள்ளிகள்: நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம். மாதத்துக்கு மூன்று சும்மா வரும், அதற்குமேல் ராஜாவின் திறமைக்கேற்ப பூஜ்யத்திலிருந்து ஆறு வரை சேரும், சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆலோசகர்கள் கொஞ்சம் சேர்ப்பார்கள். புதிய தொழில்நுட்பம் வேண்டுமா, பிடித்த ஊரை முறையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா, எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும். ஆக, கஜானா நிரம்பி வழிந்தாலும் ராஜா மண்டூகமாக இருந்தால் முப்பது வருடங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். நல்ல திறமையான வாரிசு பிறந்து, வளர்ந்து, பட்டத்துக்கு வர இரண்டு வருடங்கள் இருக்கும்போது செத்துப்போனதாக ஒரு பெட்டி வரும் பாருங்கள், அப்போது நான் நிஜமாகவே எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு இந்த விளையாட்டு முழுசாகப் பிடிபட்ட இடம் வேறு. பாமினியிடமிருந்து ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பணம் இருக்கிறது, படை இருக்கிறது, ஏன் நிறுத்த வேண்டும்? இங்கே அக்ரெசிவ் எக்ஸ்பான்ஷன் என்று ஒரு கணக்கு ஓடுகிறது. நீங்கள் ஓர் ஊரைப் பிடித்தால் அதை இழந்தவனுக்கு மட்டுமல்ல, சுற்றி இருக்கிற எல்லாருக்கும் உங்கள்மேல் ஒரு எண் ஏறும். பக்கத்தில் இருந்தால் அதிகம், தோற்றவனுடைய மதத்துக்காரனாக இருந்தால் இன்னும் அதிகம். எங்கள் பக்கம் ஒருத்தர் வரிசையாக அக்கம்பக்கத்துத் தோட்டங்களைக் கிரயம் செய்துகொண்டே போனால், முதல் தோட்டத்துக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மூன்றாவது தோட்டத்துக்கு அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசாத பங்காளிகள்கூட ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா, அதேதான். அந்த எண் ஐம்பதைத் தாண்டியவர்கள் எல்லாம் சேர்ந்து கோஅலிஷன், அதாவது உங்களுக்கு எதிரான கூட்டணி, போடலாம். போட்டார்கள். ஒருத்தனை அடித்தால் அத்தனை பேரும் வருகிறார்கள்.

பிறகுதான் தலைக்கோட்டைப் போர் ஞாபகத்துக்கு வந்தது. 1565 ஜனவரி. பள்ளியில் அது ஒரு மதிப்பெண் கேள்வி, அதற்குமேல் யோசித்ததே இல்லை. பாமினி ராஜ்யம் உடைந்து ஐந்து சுல்தானியங்களாகிவிட்டது. விஜயநகரத்தில் பெயருக்கு சதாசிவராயர் ராஜா, அதிகாரம் கிருஷ்ணதேவராயரின் மருமகன் ராமராயர் கையில். அவர் ஒரு சுல்தானோடு சேர்ந்து இன்னொருவரை அடிப்பார், அடுத்த முறை கூட்டணியை மாற்றிக்கொள்வார், ஒவ்வொரு முறையும் விஜயநகரத்துக்கு ஏதாவது லாபம். நல்ல ஆட்டம், பல வருடங்கள் ஓடியது. கடைசியில் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத அகமதுநகரும் பீஜப்பூரும் பெண் கொடுத்துச் சம்பந்தம் செய்துகொண்டன. அகமதுநகர் இளவரசி சாந்த் பீபி பீஜப்பூருக்குப் போனது அப்படித்தான். கோல்கொண்டாவும் பீதாரும் சேர்ந்துகொண்டன. வயதான ராமராயர் களத்திலேயே பிடிபட்டுத் தலையை இழந்தார், தலைநகர் ஹம்பி சூறையாடப்பட்டது. தென்னிந்திய வரலாற்றில் பாதி இந்த ஒரு நாளிலிருந்து கிளைக்கிறது: நாயக்கர்கள் தனித்து வளர்ந்தது, கொங்கு மதுரையின் கையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் மைசூர் பக்கம் போனது எல்லாம். மதச் சண்டை என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவைப்பவர்களிடம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. மதமும் அந்தக் கணக்கில் ஒரு வரி, ஆனால் ஒரு வரிதான்.

அதற்குப் பிறகு ஆட்டம் மாறிவிட்டது. சண்டை முடிந்தால் ஐந்திலிருந்து பதினைந்து வருடங்கள் வரை சமாதானக் கெடு உண்டு. அந்த இடைவெளியில் மேற்கே ஒன்று, கிழக்கே ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிடித்து, கோபம் ஆறும்வரை காத்திருந்து, ஒருத்தருக்கு மகளைக் கொடுத்து, இன்னொருவருக்குக் கடன் கொடுத்து ஓட்டுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காது. அப்பா ஒரு நாள் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “ஏன்டா, இந்த மேப்பு ஆடவே மாட்டேங்குது, கரண்ட்டு போயிருச்சா?” என்றார்.

சண்டைக் கணக்கு எளிதுதான். இரண்டு பக்கமும் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பகடை. மலையில் ஏறி அடித்தால் உங்கள் பகடையில் இரண்டு குறையும், குன்று என்றால் ஒன்று, ஆற்றைக் கடந்து அடித்தாலும் ஒன்று. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் இப்போதெல்லாம் எனக்கு ‘மைனஸ் ரெண்டு’தான் மனதில் ஓடுகிறது. 1790 செப்டம்பரில் திப்பு அந்தப் பக்கத்துக் கஜலட்டி கணவாய் வழியாகத்தான் படையோடு இறங்கி வந்து சத்தியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைப் பின்வாங்க வைத்தார். மேலே இருந்தவர் அவர்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. வாணிபம். இந்த விளையாட்டில் சரக்கின் மதிப்பு ஒரு திசையில்தான் ஓடும். நம் கடற்கரையில் சேரும் பணத்தை ஏடன் வளைகுடா பக்கமோ நன்னம்பிக்கை முனை பக்கமோ தள்ளிவிடலாம், கடைசியில் அது வெனிஸ், ஜெனோவா, ஆங்கிலக் கால்வாய் என்ற மூன்றில் போய்த்தான் முடியும். திருப்பிவிட வழியே கிடையாது, நீங்கள் உலகத்தையே பிடித்தாலும் கிடையாது. நிஜத்தில் ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக வெள்ளியைக் கொண்டுவந்து இங்கே கொட்டித்தான் துணியும் மிளகும் வாங்கின. அதற்கும் முன்னால், வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் கிடைத்த ஊர்க்காரன், நொய்யல் கரையில் பழைய வணிக ஊரான கொடுமணலைப் பார்த்தவன், இந்த அம்புக்குறிகளைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஆளும் கலையை இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் இதில் மட்டும் முடிவை முன்னாலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில் வந்துவிட்டது. அது 1337இல் தொடங்குகிறது: மதுரையில் சுல்தான்கள், ஹொய்சள மூன்றாம் வல்லாளர் இன்னும் உயிரோடு, விஜயநகரம் கைக்குழந்தை. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் லேப்டாப் நாலாம் பாகத்துக்கே 1700ஐத் தாண்டினால் ஃபேன் அலறுகிறது. மாமன் மகன் புது கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான், பொங்கல் லீவில் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பீஜப்பூரோடு சமாதானக் கெடு இன்னும் நாலு வருடங்கள் இருக்கிறது, பட்டத்து இளவரசனுக்கு வேறு உடம்பு சரியில்லை.