பேசாமல் போய்வந்த பரணங்கானம்

குரல்நாணில் முடிச்சு இருக்கிறது, ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அம்மா முடிவு பண்ணிவிட்டார், கேரளத்துப் பரணங்கானம் போய் புனித அல்போன்சம்மாவின் கல்லறையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. அம்மாவுக்கு முட்டிவலி. பாதம் வளைந்து பிறந்த பிள்ளைகளையே நடக்க வைத்தவர் என் முட்டியையா விட்டுவிடப் போகிறார் என்பது அவர் கணக்கு. நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர், பதினேழு வருடம் கத்தினதற்குக் கிடைத்த பரிசு இது. மறுத்துப் பேசவும் வழியில்லாததால் ஒரு நோட்டையும் பேனாவையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கம்பத்திலிருந்து குமுளி, வண்டிப்பெரியார், பீர்மேடு என்று தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கி, முண்டக்கயம் தாண்டியதும் ரப்பர் மரங்கள் வந்துவிடும். காஞ்சிரப்பள்ளியில் மாறி ஈராட்டுப்பேட்டை, அங்கிருந்து பாலா போகிற பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் பரணங்கானம். மீனச்சில் ஆற்றை ஒட்டிய ஊர். ஜூலை 28 திருவிழா முடிந்திருந்ததால் கூட்டம் இல்லை, மழைதான் விடவில்லை.

கல்லறை ஒரு சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள், அவ்வளவு சின்ன இடம். வருகிறவர்கள் கல்லைத் தொட்டு, நெற்றியை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார்கள். நாங்கள் நின்றபோது யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்பிள்ளைகள் புத்தகப் பையோடு உள்ளே ஓடிவந்தார்கள், குடையிலிருந்து சொட்டச் சொட்ட. கல்லறையைத் தொட்டு முத்திக்கொண்டு வந்த வேகத்திலேயே ஓடிவிட்டார்கள். அன்றைக்குப் பரீட்சையாக இருக்கும்.

அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. 1946 ஜூலை 28, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தைந்து வயதில் கன்னியாஸ்திரீ அல்போன்சா இறந்தபோது அவரை வெளியுலகம் அறியாது. மடத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் முதலில் இந்தக் கல்லறையைத் தேடி வந்தவர்கள், கேட்டது கிடைத்தது என்று முதலில் சொன்னவர்களிலும் அவர்களே அதிகம். 1986இல் கோட்டயத்துக்கே வந்து திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்ததும், 2008 அக்டோபர் 12 அன்று பதினாறாம் பெனடிக்ட் புனிதர் பட்டம் கொடுத்ததும், இந்தியாவின் முதல் பெண் புனிதர் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்வதும் எல்லாம் அப்புறம்.

ஊரில் எல்லோரும் அவரைத் துன்பத்தின் புனிதர் என்றே சொல்வார்கள். கைக்குழந்தையிலேயே தாயை இழந்தவர், வளர்த்தவர் தாயோடு பிறந்த சகோதரி, அத்தனை கண்டிப்பானவர். பதின்மூன்று வயதில் கல்யாணப் பேச்சு எடுக்க, அதிலிருந்து தப்பிக்க அன்னக்குட்டி (அல்போன்சாவின் சின்ன வயதுப் பேர்) உமி எரிந்துகொண்டிருந்த குழியில் காலை வைத்தார். பாதம் வெந்து, கடைசிவரை அதன் தழும்பு போகவில்லை. இந்தக் கதையை அம்மா சொல்லும்போது குரல் தழுதழுக்கும். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசையும். பதின்மூன்று வயது என்றால் எட்டாம் வகுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல நெருப்பைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிருக்கிறது என்றால், அதில் மெச்சிக்கொள்ள எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை நோட்டில் எழுதி அம்மாவிடம் நீட்டினேன். “கோயில்ல வச்சு எழுதுற எழுத்தா இது?” என்று நோட்டை மூடிவிட்டார்.

நான் தேடிப்போனது வேறொரு அல்போன்சாவை. 1932இல் வாகக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர். ஒரே வருடம், அதுவும் தற்காலிக டீச்சராக. அப்புறம் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1936இல் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது கடைசிவரை துறவியாக இருப்பேன் என்ற உறுதிமொழி, அதற்குப் பின் பத்து வருடத்தில் பாதிக்கு மேல் படுக்கை. கிளாஸ் ரூமை விட்டு வெளியே வந்த டீச்சருக்கு அந்த மணிச்சத்தம் காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று எந்த வரலாற்றிலும் எழுதவில்லை. இந்த ஒரு மாதத்தில் எனக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

பக்கத்து கிளாரிஸ்ட் கன்னியர் மடத்தில் அவர் இருந்த அறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கட்டில், நாலு சாமான். அங்கே இருந்த வயதான சிஸ்டர் மலையாளத்தில் என்னவோ கேட்க, நான் தொண்டையைக் காட்டிவிட்டு நோட்டில் ‘பேசக் கூடாது, சிஸ்டர்’ என்று எழுதினேன். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனாலும் நோட்டை வாங்கி எழுத்தையே உற்றுப் பார்த்தார். அரை விரல் உயரத்துக்கு, உருட்டி உருட்டி, கோட்டில் உட்கார வைத்த எழுத்து. “ஒண்ணாம் கிளாஸ் டீச்சரா?” என்றார். தலையாட்டினேன். அவரும் நாற்பது வருடம் டீச்சராம், சிரித்துக்கொண்டே தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அந்தக் கரகரப்பு எனக்குப் புரிந்த பாஷை.

திரும்பக் கல்லறைக்குப் போனோம். அம்மா முழங்கால் போட முடியாமல் நின்றே செபமாலை சொன்னார். எனக்குச் செபம் ஓடவில்லை. தெரிந்ததைச் செய்தேன், மனசுக்குள்ளேயே அட்டெண்டன்ஸ் எடுத்தேன். ஒன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை, ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லி, முகத்தை நினைத்து. பத்தொன்பதில் நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்காருகிற பையன், சட்டைப் பையில் எப்போதும் புளியங்கொட்டை, வீட்டுப்பாடம் ஒருநாளும் எழுதமாட்டான், எல்லாம் ஞாபகம் இருக்கிறது, பேர் மட்டும் வரவில்லை. இரண்டு தரம் முதலிலிருந்து எடுத்துப் பார்த்தும் வரவில்லை. அழுகையே வந்துவிட்டது. அம்மா என்னவோ அருள் இறங்கிவிட்டது என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது என்று முண்டக்கயம் வரைக்கும் அம்மா சொல்லிக்கொண்டே வந்தார், ஆனால் மனசு லேசாக இருக்கிறதாம். குட்டிக்கானம் ஏற்றத்தில் பஸ் உறுமிக்கொண்டு ஏறும்போது, ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்து, யாரோ ஒரு குழந்தை விரலால் அதில் கோடு போட, சட்டென்று அந்தப் பேர் வந்துவிட்டது. வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன், காக்கா கத்துகிற மாதிரி ஒரு குரலில். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“பேசாதன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லடி!” என்று அம்மா தொடையில் ஒன்று போட்டு நோட்டைக் கையில் திணித்தார். வாங்கி, பத்தொன்பது என்று எழுதி அதற்கு நேரே டிக் போட்டேன்.