சாயப்பட்டறைக்குச் சொல்லும் தேதி

திருப்பூரில் ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருப்பவருக்குத் தன் கம்பெனிக் கட்டிடத்துக்குள் நடப்பதைவிட வெளியே நடக்கும் வேலையே பெரிய கவலை. நூலை ஒரு மில்லில் வாங்குகிறோம். நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), பிரிண்டிங் ஆகியவை பெரும்பாலும் கூலிக்குச் செய்து தரும் வெவ்வேறு ஜாப் ஒர்க் கூடங்களில் நடக்கின்றன. அவற்றில் ஓரிடத்தில் துணி தேங்கினாலும், தூத்துக்குடியில் கப்பலேற வேண்டிய சரக்கு விமானத்தில் போக நேர்ந்து, ஆர்டரின் லாபமெல்லாம் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், கிலோவுக்கு எத்தனை ரூபாய் குறைத்தோம் என்பதை வைத்தே கொள்முதல்காரரின் திறமையை அளப்பார்கள். விலை பேசுவது அவசியம்தான். ஆனால் சப்ளையர் நம்மை எடைபோடுவது நாம் சொன்ன தேதியில் பணம் வருகிறதா என்பதை வைத்து. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டியதாயிற்று. பின்னர் கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் நிபந்தனையோடு பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது, இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். பழைய பாக்கியை இழுத்தடிக்காதவர்களின் துணிக்கே முதலில் இடம் கிடைத்ததை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

பணத்துக்கு அடுத்தபடியாக உறவைக் கெடுப்பது, குறையைக் காட்டிப் பில்லில் பணம் கழிக்கும் டெபிட் நோட். சாயமேறிய துணியில் குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரிந்தால், உடனே சாயப்பட்டறைக்காரரின் பில்லில் கழித்துவிடுவது பலருடைய வழக்கம். ஆனால் பருத்தியின் முதிர்ச்சி லாட்டுக்கு லாட் (ஒரே தொகுதியாக நூற்ற நூல்) வேறுபடுவதால், நிட்டிங்கில் இரண்டு லாட் நூல் கலந்துவிட்டால், ஒரே தொட்டியில் ஒரே சாயத்தில் நனைந்தாலும் அவை ஒரே அளவில் நிறம் பிடிப்பதில்லை. வெள்ளைத் துணியில் கண்ணுக்குப் படாத அந்தக் கலப்பு, சாயமேறிய பிறகே வெளிப்படுவதால், கடைசியாகத் துணியைத் தொட்டவர் பழியைச் சுமக்கிறார். ஆகவே, ரோலில் ஒட்டியிருக்கும் லாட் எண்ணை நிட்டிங் சலானோடு (துணியோடு வரும் விவரச் சீட்டு) ஒப்பிட்டுப் பார்க்காமல் எவர் பில்லிலும் ஒரு ரூபாய்கூடக் கழிக்கக் கூடாது என்று எங்கள் பிரிவில் வற்புறுத்தி வந்தேன். நம் பக்கத்துக் குற்றத்தை நாம் ஏற்றுக்கொண்டால்தான், தன் பக்கத்துக் குற்றத்தை அவரும் மறைக்காமல் சொல்வார். துணி வெட்டுக்குப் போகும் முன்பே தொலைபேசியில் வரும் அந்த உண்மைக்கு விலையே கிடையாது.

நூல் மில்களோடு நிலைமை வேறு. 2021-22இல் பருத்தி விலை ஏறிக்கொண்டே போனபோது, மாதங்களுக்கு முன்பே ஆடைக்கு விலை ஒப்புக்கொண்டிருந்த ஏற்றுமதியாளர்கள் திணறினார்கள். அப்போது மில்லுடன் பேசிப் பெறக்கூடியதாக இருந்தது விலைக் குறைப்பு அல்ல. நூல் உறுதியாகக் கிடைக்கும் என்ற வாக்குறுதி மட்டுமே.

குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது; தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. ஆயினும் வட்டி கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று அஞ்சிப் பலரும் கேட்பதில்லை. கெடு கடந்த பாக்கியை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்ற 43பி(எச்) பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகே, கணக்குப் பிரிவினர் மார்ச் மாதத்தில் சிறு பட்டறைகளின் பில்களைத் தேடி எடுக்கத் தொடங்கினார்கள். இந்தக் கெடுவிலிருந்து தப்புவதற்காகச் சப்ளையரின் உத்யம் பதிவையே (சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு) ரத்து செய்யச் சொல்வது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. துணி வந்த அன்றே சலானில் தேதி முத்திரையிட்டு, பணம் தரும் நாளையும் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டால், பட்டறைக்காரர் அதை நம்பித் தன் ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் போட முடியும்.