பைக் லோன் முதலில், கார்டு அப்புறம்

அக்கா மகனுக்கு சிறுசேரியில் வேலை கிடைத்து மூன்றாவது சம்பளம் வந்த வாரம், ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமா, மால்ல ஒருத்தர் நிக்க வெச்சு ஃபார்ம் நிரப்பச் சொல்றார், லைஃப்டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டாம். ஆபீஸ் பசங்க இன்னும் மூணு பேங்க்லயும் போட்டு வைடாங்கறாங்க. எது கிடைக்குதோ அதை வெச்சுக்கலாம்ல?" கையெழுத்துப் போட்டுவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை என்றான். அப்பாடா என்றிருந்தது, ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்தவன்.

2021ல் வீட்டுக் கடனுக்காக ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தேன். சம்பளச் சீட்டு, பத்திர நகல் எல்லாம் சரியாக இருந்தது. அதிகாரி என் சிபில் ரிப்போர்ட்டைத் திறந்தார். நாம் வாங்கிய கடன்களும், அவற்றை எப்படிக் கட்டினோம் என்பதும், அதற்கான மதிப்பெண்ணான ஸ்கோரும் இருக்கிற அறிக்கை அது. கடைசிப் பக்கம் வரை போய்விட்டு, மானிட்டரை என் பக்கம் திருப்பினார். என்கொயரி என்ற தலைப்புக்குக் கீழே ஐந்து வரிகள்: தேதி, வங்கியின் பெயர், என்ன வகைக் கடன். ஐந்தும் ஐந்து வாரத்துக்குள். "சார், ஒரே சமயத்துல இத்தனை இடத்துல கேட்டிருக்கீங்களே, வீட்ல ஏதாவது பணமுடையா?" என்று தணிந்த குரலில் கேட்டார். ஒரு முடையும் இல்லை. ஓர் இணையதளத்தில் 'உங்களுக்கு ஏற்ற கார்டுகள்' என்று காட்டியதை வரிசையாக அழுத்தியிருந்தேன், அவ்வளவுதான். ஒன்று கிடைத்தது, நான்கு நிராகரிப்பு. ஆனால் முகம் தெரியாத ஒருவர் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்தால், கடனுக்காக வீடு வீடாகக் கதவு தட்டுகிறவன் மாதிரிதான் நான் தெரிவேன். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கடன் கிடைத்தது. 7 சதவீத வட்டி எதிர்பார்த்த இடத்தில் 7.5 போட்டார்கள். அரை சதவீதம்தானே என்று கையெழுத்துப் போட்டு வந்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 30 லட்சம், 20 வருடம். மாதத் தவணை 23,259 ரூபாய்க்குப் பதில் 24,168. மாதம் 909 ரூபாய் கூடுதல், வட்டி மாறாமல் அப்படியே போனால் 20 வருடத்தில் 2 லட்சத்து 18 ஆயிரம். அவசரம் அவசரமாகக் கார்டு கேட்டது மட்டுமே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்கோர் சரிந்திருந்ததும் அந்த ஐந்து வரிகள் அங்கே இருந்ததும் உண்மை.

அதனால் அவனிடம் முதலில் சொன்னது இதுதான். நம் ஸ்கோரை நாமே எத்தனை தடவை பார்த்தாலும் குறையாது. கார்டோ கடனோ கேட்டு விண்ணப்பம் போட்டதும் வங்கி நம் ரிப்போர்ட்டை எடுக்கிறதே, அதுதான் பதிவாகும். கார்டு கிடைத்தாலும் பதிவாகும், கிடைக்காவிட்டாலும் பதிவாகும். அதனால் 'எது கிடைக்குதோ' என்று நான்கு இடத்தில் போட்டுப் பார்க்கிற வேலையே கூடாது. கிடைக்கும் என்று ஓரளவு நிச்சயமாகத் தெரிகிற ஒரே இடத்தில் கேட்க வேண்டும்.

அடுத்ததாக அவன் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம். ஸ்கோர் -1. பயந்துவிட்டான். அது கெட்ட ஸ்கோர் இல்லை, இதுவரை கடன் வரலாறே இல்லை என்று அர்த்தம். 300லிருந்து 900 வரை போகிற கணக்கில் அவன் இன்னும் நுழையவே இல்லை. என் அம்மாவுக்கும் இப்படித்தான் காட்டியது. பதினைந்து வருடம் ஒரு மாதம் தவறாமல் சீட்டுக் கட்டியவர், ஏலத்தில் எடுத்த பிறகும் கடைசித் தவணை வரை கட்டி முடித்தவர், எங்கள் தெருவில் அவரை நம்பி எவ்வளவு வேண்டுமானாலும் கைமாற்றுக் கொடுப்பார்கள். அந்த நாணயம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. தெருமுனை அடகுக் கடையில் வைத்து மீட்ட வளையலும் ஏறவில்லை. அதையே வங்கியில் நகைக்கடனாக வைத்து மீட்டிருந்தால் ஏறியிருக்கும். இது எனக்கு இன்றைக்கும் மனசுக்குக் கஷ்டமான விஷயம்.

சரி, வரலாறே இல்லாதவன் எங்கே தொடங்குவது? சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியே தானாகக் கார்டு தருவதாகச் சொன்னால் அது நல்ல வழி. அவனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அதனால் 20,000 ரூபாயை எஃப்டி, அதாவது வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கச் சொன்னேன். கார்டில் செலவு செய்யக்கூடிய லிமிட் 18,000 கிடைத்தது. எஃப்டிக்கு வட்டியும் ஓடும், வங்கிக்கும் பயமில்லை. கூடப் படித்தவர்கள் லட்ச ரூபாய் லிமிட் காட்டும்போது அவனுக்கு இது சின்னதாகத் தெரிந்தது, ஆனால் ரிப்போர்ட்டில் இதுவும் கார்டு கணக்குதான், ஒழுங்காகக் கட்டினால் ஒழுங்காகவே பதியும்.

இங்கேதான் பலர் தடுமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. முதல் மாதம் 15,000 ரூபாய்க்குப் போன் வாங்கினான், கெடு தேதிக்குள் முழுப் பணத்தையும் கட்டினான். அப்படியும் ரிப்போர்ட்டில் 18,000க்கு 15,000 பாக்கி என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டான். கெடு தேதியில் கட்டினோமா என்பது ஒன்று, வங்கி விவரம் எடுக்கிற அன்று கணக்கில் எவ்வளவு பாக்கி நின்றது என்பது வேறு. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஜனவரியிலிருந்து மாதத்தில் குறைந்தது இரண்டு தடவை வங்கிகள் கணக்கு நிலவரத்தை அனுப்ப வேண்டும். பெரிய செலவு செய்தால் பில் வரும் வரை காத்திருக்காமல், முன்கூட்டியே பெரும்பகுதியைக் கட்டிவிடு என்றேன். லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் பாக்கி நிற்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது. பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்கிற மினிமம் டியூ தொகையை மட்டும் கட்டுகிற பழக்கத்தைப் பற்றி அவனிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிற கார்டுகள் உண்டு, வருடத்துக்கு 42 ஆகிறது, கந்துவட்டிக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

கார்டுக்குக் கார்டு எவ்வளவு இடைவெளி விடுவது? எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. நான் குறைந்தது ஆறு மாதம் விடுகிறேன். வீட்டுக் கடனோ வண்டிக் கடனோ எடுக்கிற எண்ணம் இருந்தால், அதற்கு முந்தைய ஆறு மாதம் எதற்குமே விண்ணப்பிப்பதில்லை. கடையில் 'ஜீரோ இஎம்ஐ' என்று தருகிற போன் தவணையும், ஆப்பில் எடுக்கிற ஐயாயிரம் ரூபாய்க் கடனும்கூட ரிப்போர்ட்டில் தனித்தனிக் கணக்காக வரும் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அப்புறம், புதுக் கார்டு வந்தவுடன் பழையதை மூடாதீர்கள். பழைய கணக்குக்குத்தான் வயது அதிகம், ஸ்கோருக்கு அது நல்லது. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் வைத்திருந்தால் தகவல் சொல்லிவிட்டு வங்கியே மூடிவிடலாம், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில்லை நான் என் பழைய கார்டில்தான் கட்டுகிறேன்.

ரிப்போர்ட்டையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கிற நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, நான்கும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நான் எப்போதோ அடைத்த ஒரு கடன், ரிப்போர்ட்டில் இன்னும் பாக்கி இருப்பதாக நின்றது. புகார் போட்டுத்தான் சரியானது. 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவனிடமிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. -1 போய் 751 வந்திருந்தது. கூடவே, "மாமா, இப்போ அடுத்த கார்டு போடலாமா?" என்று ஒரு வரி. தை மாதம் பைக் எடுக்கலாம் என்றாயே, அது லோன்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றான். அப்படியென்றால் பைக் லோன் முதலில், கார்டு அப்புறம், ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் மாப்ள என்று பதில் போட்டேன்.