ஓபன்ஜேடிகே-வுக்கு முதல் பேட்ச்: எங்கே தேங்கும், ஏன் தேங்கும்

ஜாவாவின் திறந்த மூலத் திட்டமான ஓபன்ஜேடிகே-யின் மூலநிரல் 2020 செப்டம்பரில் மெர்க்கூரியல் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியை விட்டு கிட்ஹப்புக்கு வந்தது. ஃபோர்க் (சொந்தப் பிரதி) எடுத்து, திருத்தி, புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) போட்டால் வேலை முடிந்தது என்று அதனால் பலர் நினைக்கிறார்கள். வாசல்தான் கிட்ஹப், உள்ளே ஓடுவது பழைய ஓபன்ஜேடிகே நடைமுறைதான், காவலுக்கு ஸ்காரா எனும் தானியங்கி நிரல்கள் (பாட்கள்) நிற்கின்றன. சின்னத் திருத்தத்துக்கு நிரல் எழுதும் நேரம் சொற்பம். மற்ற வேலைகளை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதில்தான் வாரங்கள் போகும்.

முதலில் ஓசிஏ, அதாவது ஆரக்கிள் பங்களிப்பாளர் ஒப்பந்தம். இதில் கையெழுத்திடாமல் புல் ரிக்வெஸ்ட் திறந்தால் பாட் அதற்கு ‘ஓசிஏ’ லேபிள் ஒட்டிவிடும், அது நீங்கும்வரை ரிவ்யூவுக்கே போகாது. கையெழுத்திட்டதும் ‘/சைன்ட்’ என்று கமென்ட் போட வேண்டும். வழக்கமாக ஓரிரு வேலை நாட்களில் முடியும், இரண்டு வாரம் வரை ஆகலாம் என்று பாட்டே சொல்லும். எனவே நிரலைத் தொடும் முன்பே இதை முடித்துவிடுங்கள். இன்னொரு சிக்கல்: வேலையில் இருப்பவர் எழுதும் நிரலின் உரிமை நிறுவனத்துக்குப் போகும்படி பணி ஒப்பந்தம் இருந்தால், தனிநபராகக் கையெழுத்திடுவது செல்லாது, நிறுவனம்தான் கையெழுத்திட வேண்டும். பணி ஒப்பந்தத்தை எடுத்து ஒரு முறை வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பக் எண். ஜேபிஎஸ் எனப்படும் பக் பட்டியலை யாரும் வாசிக்கலாம். எழுத, திட்டத்தில் ஆத்தர் என்ற பங்களிப்பாளர் தகுதி வேண்டும். புதியவர் ஜாவா பக் ரிப்போர்ட் படிவம் வழியாக அனுப்ப வேண்டும். முதலில் 9-ல் தொடங்கும் எண் வரும்; அது உள் பரிசீலனைக்கானது, பேட்சுக்கு உதவாது. ஏற்றுக்கொண்டு ஜேடிகே பிரிவுக்கு மாற்றிய பிறகு 8-ல் தொடங்கும் ஏழு இலக்க எண் கிடைக்கும். புல் ரிக்வெஸ்ட் தலைப்பில் வர வேண்டியது இதுதான். எண்ணை மட்டும் தலைப்பாகப் போட்டால் மீதியை பாட் ஜேபிஎஸ்-லிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும். கையால் தட்டி, ஒரு சொல் மாறி, அதற்கு பாட்டிடம் திட்டு வாங்குவதைவிட இது மேல்.

எண் கையில் வந்ததும் நிரலுக்குப் பாயாதீர்கள். ஜாவா நூலகங்களுக்கான கோர்-லிப்ஸ்-டெவ் அஞ்சல் பட்டியலில், இதுதான் பிரச்சினை, இப்படித் தீர்க்கலாமா என்று நாலு வரி எழுதுங்கள். ஐம்பது கோப்புகளில் ஃபார்மேட் மாற்றுவது, பழைய லூப்களை ஸ்ட்ரீமாக்குவது போன்ற ‘சுத்தம் செய்யும்’ பேட்ச்களுக்கு அங்கே வரவேற்பு குறைவு, அதில் நியாயமும் இருக்கிறது: ஒவ்வொரு வரி மாற்றமும் பழைய பதிப்புகளுக்கு பேக்போர்ட் செய்பவருக்குத் தலைவலி. ஏபிஐ-யின் வரையறையையே மாற்றினால் சிஎஸ்ஆர் என்ற பொருந்துதன்மைப் பரிசீலனையும் சேர்ந்துகொள்ளும். முதல் பேட்சுக்கு அது வேண்டாம்.

மூலநிரலிலிருந்து ஜேடிகே-யைக் கட்டும் பில்டுக்கு 6 ஜிபி காலி இடமாவது வேண்டும். முந்தைய பதிப்பு ஜேடிகே ஒன்றும் பூட் ஜேடிகே-யாக வேண்டும்; ஜேடிகே 26-ஐக் கட்ட 25. உபுண்டுவில் பில்டுக்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் ஆல்சா, கப்ஸ், ஃபான்ட்கான்ஃபிக் என்று ஒவ்வொரு டெவ் பேக்கேஜாகக் கேட்டுக்கொண்டே நிற்கும். பிழைச் செய்தியின் கடைசியில் எந்த ஆப்ட் கட்டளை ஓட்ட வேண்டும் என்பதும் இருக்கும். கூகுளுக்குப் போகும் முன் அதை வாசியுங்கள். ரேம் குறைந்த கணினியில் கம்பைலர் பாதியிலேயே கொல்லப்பட்டால் நிரலைச் சந்தேகிக்க வேண்டாம், மேக் கட்டளையில் ஜாப்ஸ் எண்ணை 2-க்குக் குறையுங்கள். விண்டோஸில் க்ளோன் எடுக்கும் முன்பே வரி முடிவு எழுத்துகளை மாற்றும் கிட்டின் ஆட்டோ-சிஆர்எல்எஃப் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட வேண்டும்.

டெஸ்டுகளை ஓட்ட ஜேடிரெக் என்ற கருவி தேவை. அது ஜேடிகே-யோடு வராது. தனியாக இறக்கி, கன்ஃபிகரில் அதன் பாதையைக் கொடுக்க வேண்டும். திருத்திய வகுப்புக்கான டெஸ்ட் கோப்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதன் தலையில் உள்ள ‘@பக்’ வரியில் உங்கள் எண்ணைச் சேர்த்து, திருத்தம் இல்லாவிட்டால் தோற்கும்படி ஒரு சோதனை எழுதுங்கள். திருத்தத்தை நீக்கிவிட்டு ஓட்டி, நிஜமாகவே தோற்கிறதா என்றும் பாருங்கள். ரிவ்யூவர்கள் இதைக் கேட்பார்கள்.

கண்ணில் படாத இடம் பதிப்புரிமை வரி. ஆரக்கிள் தலைப்புள்ள கோப்பில் இரண்டு ஆண்டுகள் இருக்கும்: முதலாவது கோப்பு பிறந்த ஆண்டு, இரண்டாவது கடைசியாகத் திருத்திய ஆண்டு. ‘2003, 2021,’ என்று இருந்தால் இரண்டாவதை மட்டும் நடப்பு ஆண்டாக்குங்கள்; அதன் பின்னே உள்ள காற்புள்ளியை விட்டுவிடாதீர்கள். கமிட்டின் வடிவத்தைச் சோதிக்கும் ஜேசெக் வேறு ரகம்: வரி முடிவில் வெற்றிடம், டேப் எழுத்து, இயக்கக்கூடிய கோப்பு அனுமதி, எது இருந்தாலும் நிறுத்திவிடும்.

புல் ரிக்வெஸ்ட்டை மாஸ்டரிலிருந்து அல்ல, தனிக் கிளையிலிருந்து திறங்கள். முதலில் டிராஃப்ட்டாகத் திறப்பது நல்லது, ஏனென்றால் டிராஃப்ட் அஞ்சல் பட்டியலுக்குப் போகாது. உங்கள் ஃபோர்க்கில் கிட்ஹப் ஆக்ஷன்ஸை இயக்கி வைத்தால் லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் பில்ட் ஆகி, டியர்-1 எனும் அடிப்படை டெஸ்டுகளும் ஓடும். எல்லாம் பச்சையானதும் டிராஃப்ட்டை எடுத்தால் போதும். நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. கிட்ஹப்பில் இனிஷியல் முன்னால், கிட் கன்ஃபிக்கில் பின்னால் என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று பாட் எச்சரிக்கும். கவனிக்காமல் விட்டால் கமிட்டில் உள்ள பெயரே ஜேடிகே வரலாற்றில் நிரந்தரமாக நிற்கும்.

ரிவ்யூ தொடங்கிய பிறகு கமிட் வரலாற்றை மாற்றி எழுதும் ரீபேஸ், ஃபோர்ஸ் புஷ் இரண்டும் கூடாது; ரிவ்யூவர் எந்த வரி வரை பார்த்தார் என்ற தடமே அழிந்துபோகும். கமிட்டுக்கு மேல் கமிட் போடுங்கள், மாஸ்டரை மெர்ஜ் செய்யுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் பாட் ஒரே கமிட்டாக்கிவிடும். நூலகப் பகுதிக்குப் பொதுவாக ஒரு ரிவ்யூவர் போதும், ஜாவா மெய்நிகர் இயந்திரமான ஹாட்ஸ்பாட்டுக்கு இருவர். ஒப்புதல் சீக்கிரம் வந்துவிட்டாலும் 24 மணி நேரமாவது திறந்து வையுங்கள். உலகின் மறுபக்கத்தில் உள்ளவரும் பார்க்க வேண்டுமே. பதிலே வராவிட்டால் வாரம் கழித்து மரியாதையாக ஒரு வரி நினைவூட்டலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நான்கு வாரம் அசைவு இல்லையென்றால் பாட் எச்சரிக்கும். இன்னும் நான்கு வாரத்தில் மூடிவிடும். ஒரு கமென்ட் போட்டாலே மூடாது.

‘ரெடி’ லேபிள் வந்ததும் நீங்கள் ‘/இன்டக்ரேட்’ எழுத வேண்டும். நிரலைச் சேர்க்கும் உரிமையுள்ள கமிட்டர் ஒருவர் ‘/ஸ்பான்சர்’ எழுதினால்தான் அது உள்ளே போகும். இடையில் எழுத்துப்பிழை திருத்தம் என்று ஒரு கமிட் தள்ளினால்கூட மறுபடி ‘/இன்டக்ரேட்’ எழுதியாக வேண்டும். உள்ளே போனதும் புல் ரிக்வெஸ்ட் ‘மெர்ஜ்ட்’ என்று ஊதா நிறத்தில் காட்டாது, ‘க்ளோஸ்ட்’ என்று சிவப்பில் நிற்கும். பதற வேண்டாம், கமிட்டை பாட் நேரடியாக மாஸ்டருக்குத் தள்ளுவதால் கிட்ஹப் அதை மெர்ஜாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘இன்டக்ரேட்டட்’ லேபிள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்பான்சர் மூலம் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் ஆத்தர் தகுதி கேட்கலாம், அதோடு ஜேபிஎஸ் கணக்கும் வரும். கமிட்டராக முக்கியமான 8 மாற்றங்கள், ரிவ்யூவராக 32. உங்கள் அலுவலகம் ஜேடிகே 21-ல் ஓடுகிறது, அங்கே இந்தத் திருத்தம் வேண்டும் என்றால் அது தானாக வந்து சேராது. மாஸ்டர் கமிட்டின் கீழே ‘/பேக்போர்ட்’ கட்டளையோடு 21-க்கான அப்டேட் ரெப்போவின் பெயரைக் கொடுத்து, புது புல் ரிக்வெஸ்ட் திறந்து, அந்த ரெப்போவின் பராமரிப்பாளரிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும்.