நான்கு மொனிற்றர் பெட்டிகள்

எங்கள் ஒலிபெருக்கிக் கடையின் பின்னறையில் நான்கு மொனிற்றர் பெட்டிகள் கிடக்கின்றன. நான்கின் முதுகிலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி மார்க்கர் பேனையால் எழுதியிருக்கிறது: குரல், கிற்றார், பாஸ், ட்ரம்ஸ். கையெழுத்து என்னுடையது. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இப்போதும் அதே பெட்டிகள்தாம் போய்வருகின்றன. 'ட்ரம்ஸ்' பெட்டிக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு சமயச் சொற்பொழிவாளர் நிற்பார். பிளாஸ்டரை உரித்துவிடும்படி முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார். நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மேடையில் நிற்பவருக்குச் சபைக்குப் போகும் சத்தம் சரியாகக் கேட்காது. பெரிய ஸ்பீக்கர்கள் எல்லாம் சனங்களைப் பார்த்து நிற்கும். அதனால் அவரவர் காலடியில், முகத்தை நோக்கிச் சாய்த்தபடி ஒரு பெட்டி வைப்போம். அதுதான் மொனிற்றர். அதற்குள் எதை எவ்வளவு அனுப்புவது என்பது, ஒலிகளைக் கலந்து அனுப்பும் மிக்சரில் இருப்பவன் கையில். மேடையிலிருந்து ஒருவர் விரலை மேலே காட்டினால் கூட்டச் சொல்கிறார் என்று அர்த்தம். விரலைக் கீழே காட்டியவரை இருபத்தைந்து வருடத்தில் நான் கண்டதில்லை.

நான் 2000ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது என் வேலை மரம் ஏறுவது. ஹோர்ன் என்று நாங்கள் சொல்லும் கூம்பு ஸ்பீக்கர்களைத் தென்னையிலும் வேம்பிலும் கட்ட வேண்டும். மிக்சரைத் தொட விடுவதற்கு நான்கு வருடம் ஆயிற்று. முதலாளி கற்றுத்தந்த முதல் பாடம், சத்தம் கரகரக்கக் கூடாது என்பது. நாதஸ்வரம் கரகரத்தால் என் தலையில் குட்டு விழும். ஐயரின் மந்திரம் கரகரத்தால் இரண்டு குட்டு.

ஆகவே 2012இல் ஒரு பையன் கடைக்கு வந்து, கரகரப்பை உண்டாக்குவதற்கென்றே செய்த ஒரு சிறிய பெட்டியை என்னிடம் காட்டியபோது, இவனுக்கு ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். பகலில் இரும்புக் கடையில் வேலை, இரவில் கிற்றார். திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டுக் கராஜின் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, அங்கே நான்கு பேர் ஹெவி மெற்றல் என்ற கனத்த ரொக் இசை பழகினார்கள். இரண்டு ஸ்பீக்கர்கள் வாடகைக்கு வேண்டும், காசை மாதக் கடைசியில் தருவதாகச் சொன்னான்.

அவன்தான் 'பிளாக் சபத்' என்ற மெற்றல் குழுவின் கிற்றார்காரர் டோனி அயோமியின் கதையை எனக்குச் சொன்னவன். பர்மிங்காமில் தகரத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் 1965இல் அயோமிக்குக் கடைசி வேலைநாள். வயது 17. அன்று இயந்திரத்தில் கை சிக்கி வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டினதும் நுனிகள் போயின. அவர் இடதுகைக்காரர், கம்பியை அழுத்துவது அந்த விரல்களால்தான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகள் பூட்டி மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார். பிறகு கம்பிகளின் சுருதியையும் இறக்கினார். 'பிளாக் சபத்' குழுவின் கனத்த ஓசை அப்படித்தான் உருவாயிற்று என்று இரும்புக் கடைப் பையன் தன் விரல்களை மடக்கிக் காட்டியபடி சொன்னான். அவனுடைய விரல்கள் பத்தும் முழுதாக இருந்தன. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தமோ என்றுகூடத் தோன்றியது.

கதை நன்றாக இருந்தது. எனக்கு அது தலைவலியாகவும் இருந்தது. வழக்கமான சுருதியில் கிற்றாரின் தடித்த கம்பி விநாடிக்கு 82 தடவை அதிரும். அயோமியைப் பார்த்து இவனும் மூன்று அரைச்சுரம் இறக்கி வைத்திருந்தான், ஆகவே 69. பாஸ் கிற்றார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. கோயில் ஹோர்ன்களோ அநேகமாக 300க்குக் கீழே எதையும் வெளியே விடமாட்டா. முதல் நாள் ஹோர்னில் போட்டுக் கேட்டால், தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்தது போல ஒரு சத்தம். முதலாளியைச் சம்மதிக்க வைத்து, கொழும்பிலிருந்து 18 அங்குல பாஸ் பெட்டிகள் இரண்டைப் பழையதாக வாங்க மூன்று மாதம் பிடித்தது. அந்தப் பெட்டிகளால் கல்யாண வேலைகள் இரட்டிப்பானதை முதலாளி இன்றைக்கும் தன் யோசனை என்றே சொல்வார்.

பாஸ் வாசித்தவன் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்காதிருந்தால் இந்தக் குழுவே இருந்திருக்காது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி நீரைக் கடந்து எவன் இரவில் மெற்றல் பழக வருவான்? நோன்பு மாதத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்த பிறகே வருவான், மற்ற மூவரும் காத்திருப்பார்கள். பாட்டுகள் எல்லாம் அவன் எழுதியவை, சுத்தமான தமிழ். பாடகன் பள்ளிக்கூடத்தில் பண்ணிசைப் போட்டியில் பரிசு வாங்கியவன். அவன் அந்தத் தமிழை அடிவயிற்றிலிருந்து உறுமலாக வெளியேற்றுவான். தொண்டை கிழிந்துவிடும் என்று பயந்து முதல் தடவை நான் மைக்கை இறக்கிவிட்டேன். உண்மையான குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளைத்தான் அதிர வைப்பதாகவும், வலிக்காது என்றும் விளக்கினான். வலித்தது பாஸ் தம்பிக்குத்தான். "அண்ணா, ஒரு சொல்லாவது விளங்க வேண்டும்" என்று மிக்சருக்குப் பக்கத்தில் வந்து கெஞ்சுவான். உறுமலில் ழகரத்தைக் காப்பாற்ற எந்தக் குமிழிலும் வழியில்லை.

ட்ரம்ஸ் தம்பியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை, அவன் பேசமாட்டான். தகப்பனுடன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவன். அடிமுரசை இரண்டு காலாலும் அடிக்கும் இரட்டைப் பெடல் வாங்கக் காசில்லாமல், உடைந்த ஒன்றை வாங்கிச் சைக்கிள் சங்கிலி பூட்டித் தானே சரிசெய்தான். ஒலிப் பரிசோதனையின்போது மற்ற மூவரும் விரலை மேலே காட்டிக்கொண்டே இருப்பார்கள். கிற்றாரைக் கூட்டினால் பாடகனுக்குக் குரல் கேட்காது, குரலைக் கூட்டினால் பாஸ் அமுங்கும், பாஸைக் கூட்டினால் மறுபடி கிற்றார். இவன் மட்டும் குச்சியைத் தொடையில் தட்டியபடி இருப்பான். "உனக்குப் போதுமா?" என்றால் தலையாட்டுவான். அவனைப் போல நான்கு பேர் இருந்தால் என் வேலை எவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைப்பேன்.

2014 முதல் அவர்களுக்குக் காலம் கூடி வந்தது. எங்கள் கரையில் கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வெளிநாட்டுக்காரர்கள் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வருவது அப்போதுதான். அவர்களுக்காக இவர்கள் வாசித்த கடற்கரை மேடைகளில் கச்சான் காற்றுக்கு மைக்கெல்லாம் புசுபுசுக்கும், உப்புப் பட்டு ஜாக் முனைகள் பச்சை பூக்கும். தினமும் துடைத்துப் பூட்டுவேன். மாதக் கடைசிக் காசு மாதக் கடைசியிலேயே வரத் தொடங்கியது.

2017இல் கொழும்பில் ஒரு மேடை கிடைத்தது. இரவு ரயிலில் போனோம், பெடலைச் சாரத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தான் ட்ரம்ஸ் தம்பி. கொழும்பு மெற்றலுக்குப் புதிதல்ல. 'ஸ்டிக்மாட்டா' போன்ற குழுக்கள் தொண்ணூறுகளின் முடிவிலிருந்தே அங்கே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. தமிழில் உறுமினால் எடுபடுமா என்று பாடகன் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். எடுபட்டது. எந்த மொழியானாலும் ஒரு சொல்லும் விளங்காது என்பதில் அந்த இசை எல்லோருக்கும் சமம். அங்கே மிக்சரில் வேறொருவர் இருந்தார். நான் அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றேன். அடிமுரசு போதவில்லை என்று ஒரே ஒரு தடவை அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன். அவர் கூட்டினார். என் தொழில் வாழ்க்கையில் மறக்காத கணங்களில் அது ஒன்று.

அடுத்த வருடம் ஆகஸ்டில் உப்புவெளிக் கடற்கரையில் மணலே தெரியாத கூட்டம். இரவு 10 மணிக்குப் பொலிஸ் வந்து நிறுத்தச் சொன்னது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு உயர் நீதிமன்றம் 2007இல் தடை விதித்தது, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் மனப்பாடமான உத்தரவு. நான் பிரதான ஸ்பீக்கர்களை அணைத்தேன். மேடையில் மொனிற்றர்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். சனங்கள் மேடைக்குக் கிட்ட நெருங்கி வந்து கேட்டார்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அந்தப் பருவத்தில் வெளிநாட்டுக்காரர் வரவில்லை. 2020இல் ஊரடங்கு. 2021ம் அப்படியே போயிற்று. மூன்று பருவங்கள் தொடர்ந்து விழுந்தால் மீன்பிடிக் குடும்பமே ஆட்டம் காணும், இசைக்குழு எம்மாத்திரம். ஒரு ஹோட்டல் முதலாளி, வருகிற ஒன்றிரண்டு விருந்தினருக்கு மென்மையான பாட்டு வேண்டும் என்றார். பாடகன் போனான். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தது. கிற்றார் தம்பி அதைத் துரோகம் என்றான். கலியாணமாகாதவன் சொல்லும் சொல் அது.

1979இல் பிளாக் சபத் தங்கள் பாடகர் ஓசி ஒஸ்போர்னை நீக்கியது. அந்தச் செய்தியைச் சொல்லும் வேலை ட்ரம்ஸ் வாசித்த பில் வார்டின் தலையில் விழுந்தது. இதுவும் கிற்றார் தம்பி சொன்னதுதான். இங்கே எவரையும் எவரும் நீக்கவில்லை. பழகும் நாள்கள் வாரத்துக்கு மூன்றிலிருந்து ஒன்றாயின, பிறகு மழை என்று ஒரு வாரம், பெற்றோல் இல்லை என்று ஒரு வாரம்.

2022 மார்ச்சில் ஒரு மண்டபத்தில் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். மின்வெட்டுக் காலம். அந்த மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. மின்பிறப்பாக்கிக்கு டீசல் எடுக்க நானும் ட்ரம்ஸ் தம்பியும் கான்களுடன் இரவு முழுக்க வரிசையில் இருந்தோம். அவன் அன்று பேசினான். கட்டாரில் வேலை சரிவந்திருக்கிறது, விசாவுக்குக் காத்திருப்பதாகச் சொன்னான். "இப்போது ஒருவரிடமும் சொல்லாதீர்கள் அண்ணா. நிகழ்ச்சி முடியட்டும்." நான் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். மேடை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கிற்றார் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அவன் எதுவும் கேட்கவில்லை, தன் மொனிற்றரை மட்டும் இன்னும் கூட்டச் சொன்னான். பாடகனும் சொன்னான். பாஸ் தம்பியும் சொன்னான்.

மின்பிறப்பாக்கி சிறியது. அடிமுரசு விழும் ஒவ்வொரு தடவையும் மண்டபத்து விளக்குகள் மங்கி எழுந்தன. இரண்டாவது பாட்டில் அம்ப்ளிபயர் சிவப்பு விளக்கு காட்டத் தொடங்கியது. எங்காவது குறைத்தே ஆக வேண்டும். 3 டெசிபல் இறக்கினால் அந்தப் பெட்டி இழுக்கும் சக்தி பாதியாகும், 6 இறக்கினால் கால்வாசி. நான்கையும் கொஞ்சம் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். மூன்று பேர் மேடையிலிருந்தே கத்துவார்கள், அன்றைய நிலையில் ஒரு சண்டைக்கு அது போதும். ஆகவே ட்ரம்ஸ் பெட்டியை இறக்கினேன். 6 டெசிபல், பிறகு இன்னும் 6. வழக்கம்போல அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் காதுக்கு அருகில் சொந்த முரசுகளின் இடி, எதிரே கிற்றாருக்கு வழியில்லை.

நான்காவது பாட்டின் நடுவில் தாளம் விலகியது. முதலில் அரை மாத்திரை, பிறகு ஒரு முழு அடி. இரட்டைப் பெடல் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, கிற்றார் வேறெங்கோ போய்விட்டது. கிற்றார் தம்பி திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மிக்சரிலிருந்து பார்த்தேன். பாட்டின் பாதியில் கம்பிகளைக் கையால் மூடி நிறுத்திவிட்டு இறங்கிப் போனான். "போகிறவன் வேண்டுமென்றே கெடுத்துவிட்டுப் போகிறான்" என்று மேடைக்குப் பின்னால் நின்று அவன் சொன்னதை நான்தான் கேட்டேன். பக்கத்தில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அவர்கள் நால்வரும் ஒன்றாக நின்றதில்லை. ஆகஸ்டில் ட்ரம்ஸ் தம்பி விமானம் ஏறினான். அடுத்த வருடம் கிற்றார் தம்பியும் கனடாவுக்குப் போய்விட்டான். பாஸ் தம்பி கிண்ணியாவில் கணினிக் கடை வைத்திருக்கிறான். பாடகன் அதே ஹோட்டலில் பாடுகிறான், சொற்கள் தெளிவாக விளங்குகின்றன. எனக்கு இடக்காதில் எப்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம். 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள், நான் பத்து வருடம் இருந்திருக்கிறேன்.

2025 ஜூலை 5 அன்று பிளாக் சபத்தின் பழைய நால்வரும் பர்மிங்காமில் கடைசியாக ஒரு தடவை சேர்ந்து வாசித்தார்கள். ஓசி எழுந்து நிற்க முடியாமல் சிம்மாசனம் போன்ற ஓர் ஆசனத்தில் இருந்தபடி பாடினார். அதே மாதம் 22ஆம் தேதி இறந்துபோனார், வயது 76. இரண்டு நாள் கழித்து டோகாவிலிருந்து ட்ரம்ஸ் தம்பி எடுத்தான். அவன் தானாக எடுப்பது அபூர்வம். ஓசியைப் பற்றிப் பேசினோம். வெயிலைப் பற்றி, தகப்பனின் எஞ்சின் வேலையைப் பற்றி. அழைப்பை முடிக்கும் நேரத்தில் சொன்னான்.

"அந்தக் கடைசி நாள், அண்ணா. எனக்குக் கிற்றார் கேட்கவே இல்லை."

கடையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். பின்னறைக் கதவு திறந்திருந்தது.

"வயரில் எங்காவது பழுது இருந்திருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றான்.